தலையில் 35, தாளில் 45

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். என் மகனுக்கு எட்டு வயது. தொடக்கநிலை 2இல் படிக்கிறான். 63இலிருந்து 28 போனால் எவ்வளவு என்று வாய்மொழியாகக் கேட்டால், விட்டத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டு 35 என்கிறான். எப்படி என்று கேட்டால் ‘28, 30, 60, 63’ என எண்களை ஒப்பிக்கிறான். இல்லாவிட்டால் ‘சும்மா தெரியும்’ என்கிறான். அதே கணக்கைத் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிச் செய்யச் சொன்னால் 45 என்று எழுதுகிறான்! ‘இந்தக் குறுக்கு வழியெல்லாம் வேண்டாம், கடன் வாங்கிக் கழிப்பதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்ய வையுங்கள்’ என்கிறார் துணைப்பாட ஆசிரியர். என் மாமியாரோ, அவன் விரல்விட்டு எண்ணுவதைக் கண்டாலே கையைத் தட்டிவிடுகிறார். இளையவள் பாலர் பள்ளியில் இரண்டாம் ஆண்டு. எட்டிலிருந்து மூன்றை எடு என்றால் சரியாகச் சொல்கிறாள். ‘அண்ணனிடம் எட்டு ஸ்டிக்கர், உன்னிடம் ஐந்து, அண்ணனிடம் எத்தனை அதிகம்?’ என்றால் ‘எட்டு’ என்கிறாள். பள்ளியில் கணிதம் ஆங்கிலத்தில். வீட்டில் நாங்கள் தமிழ் பேசுகிறோம். எந்த மொழியில் கேட்பது என்பதும் குழப்பமாக இருக்கிறது. மகனின் பழக்கத்தை இப்போதே மாற்றிவிட வேண்டுமா?

– ஈசூன் வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மாற்ற வேண்டாம். உங்கள் மகன் தலைக்குள் செய்வது ஒழுங்கான கணிதம். பழுது தாளில்தான் இருக்கிறது. துணைப்பாட ஆசிரியர் பழுதான பக்கத்தைப் பார்த்துவிட்டு நல்ல பக்கத்தை மூடச் சொல்கிறார். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரே மேசையில் நான்கைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு நேரத்துக்குப் பாடம் முடிக்க வேண்டியவருக்குத் தாள் கண்ணில் படும். முணுமுணுப்பு காதில் விழாது. அதைக் கேட்க வாய்த்தவர் நீங்கள்தான்.

அந்த முணுமுணுப்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 28, 30, 60, 63 ஆகியவை அவன் நின்று நின்று போன இடங்கள். 28இலிருந்து 30க்குப் போக 2. அங்கிருந்து 60க்கு 30. அங்கிருந்து 63க்கு 3. மூன்றையும் கூட்டினால் 35. நின்ற இடங்களை உங்களிடம் சொல்கிறான். தாவிய தூரத்தை விட்டுவிடுகிறான். தனக்குத் தெரிந்தது அம்மாவுக்கும் தெரிந்திருக்கும் என்பது அந்த வயதின் நம்பிக்கை. ‘28இலிருந்து 30க்கு எவ்வளவு தாவினாய்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், மிச்சத்தை அவனே சொல்லிவிடுவான்.

இந்த வழியில் அவன் எதையெல்லாம் அறிந்து வைத்திருக்கிறான் தெரியுமா? கழித்தல் என்பது எடுப்பது மட்டுமில்லை, இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும்தான் என்பது அவனுக்குத் தெரியும். முழுப் பத்துகளில் நின்றால் கணக்கு இலேசாகும் என்பதும் தெரியும். 28க்கு அடுத்த முழுப்பத்துக்கு 2 வேண்டும் என்று சட்டென்று சொல்வது, தொடக்கநிலை 1இல் பத்தை 8, 2 என்றும் 7, 3 என்றும் பிரித்துப் பிரித்துப் பழகியதன் பலன். பள்ளி கொடுத்த சரக்கைத்தான் பள்ளி கேட்காத இடத்தில் பயன்படுத்துகிறான். இதைக் குறுக்கு வழி என்பது அநியாயம்.

உங்கள் மாமியாரிடம் ஒன்று கேளுங்கள். தேக்கா சந்தையில் 6 வெள்ளி 30 காசுக்குக் காய்கறி வாங்கிப் பத்து வெள்ளித் தாளை நீட்டினால், கடைக்காரர் மீதியை எப்படி எண்ணிக் கொடுப்பார்? இருபது காசை வைத்து ‘ஆறு ஐம்பது’, ஐம்பது காசை வைத்து ‘ஏழு’, ஒரு வெள்ளியை வைத்து ‘எட்டு’, இரண்டு வெள்ளித் தாளை வைத்து ‘பத்து’. மீதி 3 வெள்ளி 70 காசு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவே இல்லை, ஆனாலும் காசு கைக்கு வந்துவிட்டது. உங்கள் மகன் செய்வதும் அதே வேலைதான். கைப்பேசியைக் குறியீட்டின்மேல் காட்டிப் பணம் கட்டிவிட்டு நடக்கும் நம் காலத்தில் பிள்ளைகள் இந்தக் காட்சியைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. கழித்தல் கற்பிப்பவர்களுக்கு அது சிறிய நட்டமில்லை.

இனி அந்த 45. அதுவும் கவனக்குறைவால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மூன்றிலிருந்து எட்டு போகாது. ஆகவே எட்டிலிருந்து மூன்றை எடுத்து 5 எழுதியிருக்கிறான். ஆறிலிருந்து இரண்டை எடுத்து 4. ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறான். 1978இல் அமெரிக்க ஆய்வாளர்களான ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும், கணினி நிரலில் வழு தேடுவதுபோலப் பிள்ளைகளின் கழித்தல் பிழைகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். பிள்ளைகள் கண்டபடி தவறு செய்வதில்லை, ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றுகிறார்கள், அந்த விதிதான் பிழையானது என்பது அவர்கள் காட்டிய செய்தி. உங்கள் மகன் பிடித்துக்கொண்டிருக்கும் விதி மிகப் பரவலான வழுக்களில் ஒன்று. அது எங்கிருந்து வருகிறது என்பதும் பெரிய மர்மமில்லை. ‘பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க முடியும்’ என்று பாலர் பள்ளிக் காலத்திலேயே நாம் சொல்லிவைத்துவிடுகிறோம். பிள்ளை நம்பிவிட்டது.

இதில் என்னை எப்போதும் வியக்க வைப்பது வேறொன்று. ஒரே கணக்குக்கு 35 என்றும் 45 என்றும் இரண்டு விடை சொல்லிவிட்டு, அது முரண் என்றுகூடப் பிள்ளைகளுக்கு உறைப்பதில்லை. தலைக்குள் செய்வது அவர்களுக்குக் கணக்கு. தாளில் செய்வது சடங்கு. சடங்கில் வரும் விடைக்கும் உலகத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. இந்த நிலையில் ஐம்பது கணக்குகளைக் கொடுத்துக் கடன் வாங்க வைத்தால் சடங்கு மெருகேறும், அவ்வளவுதான். ஆறை அடித்து ஐந்து எழுதக் கற்றுக்கொள்வான். பிறகு 402இலிருந்து 178ஐக் கழிக்கச் சொல்லும் நாளில், நடுவில் உள்ள பூச்சியத்திடம் எப்படிக் கடன் கேட்பது என்று திகைத்து நிற்பான்.

ஆகவே அந்த இரண்டையும் சந்திக்க வையுங்கள். 35, 45 இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ‘இரண்டும் நீ சொன்னவைதான். எது சரி என்று எனக்கு எப்படிக் காட்டுவாய்?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். சில பிள்ளைகள் 28உடன் 45ஐக் கூட்டிப் பார்த்து, 73 வருகிறதே என்று தாமே விழிப்பார்கள். சிலர் தாளில் வந்ததுதான் சரி, ஏனென்றால் பள்ளியில் அப்படித்தான் செய்வார்கள் என்று சாதிப்பார்கள். அப்படிச் சாதித்தால் வாதாட வேண்டாம். ஐஸ்கிரீம் குச்சிகளையும் ரப்பர் வளையங்களையும் எடுத்து வையுங்கள்.

பத்துப் பத்தாக ஆறு கட்டு, தனியாக மூன்று குச்சி. ‘எனக்கு 28 கொடு’ என்று கையை நீட்டுங்கள். எப்படிக் கொடுப்பது என்று சொல்லாதீர்கள். நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இரண்டு கட்டுகளை முதலில் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள், அதாவது பத்துகளிலிருந்து தொடங்குவார்கள். தாளிலோ ஒன்றுகளிலிருந்து தொடங்கச் சொல்கிறோம். இந்த எதிரெதிர்த் திசையை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. அடுத்து எட்டுக் குச்சி வேண்டும், கையில் மூன்றுதான் இருக்கிறது. இங்கே பிள்ளைகள் பிரிகிறார்கள். ஒருத்தி ஒரு கட்டை அவிழ்த்து மூன்றோடு கலந்து, பதின்மூன்றிலிருந்து எட்டை எண்ணிக் கொடுப்பாள். இன்னொருவன் இருக்கும் மூன்றையும் கொடுத்துவிட்டு, ஒரு கட்டை அவிழ்த்து இன்னும் ஐந்து கொடுப்பான். வேறொருவன் அந்த மூன்றைத் தொடவே மாட்டான். புதிதாக அவிழ்த்த பத்திலிருந்து எட்டை எடுத்துவிட்டு, மிஞ்சிய இரண்டை மூன்றோடு சேர்த்துக்கொள்வான். சீன, அமெரிக்க ஆசிரியர்களை ஒப்பிட்டு லிப்பிங் மா 1999இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மூன்று வழிகளையும் தம் மாணவர்களோடு பேசும் சீன ஆசிரியர்கள் வருகிறார்கள். மூன்றும் சரி. மூன்றிலும் 35 மிஞ்சும்.

கட்டை அவிழ்த்த அந்த நொடியில்தான் பேனாவை எடுக்க வேண்டும். ‘இப்போது எத்தனை கட்டு இருக்கிறது, எத்தனை தனிக் குச்சி?’ என்று கேட்டு, அவன் சொல்வதை அப்படியே எழுதுங்கள். ஆறை அடித்து ஐந்து, மூன்றுக்குப் பதில் பதின்மூன்று. துணைப்பாட வகுப்பில் போடச் சொன்ன கோடுகள் இவைதான். ஆனால் இப்போது அவை அவன் கை செய்த காரியத்தின் பதிவு. சிங்கப்பூர்க் கணிதப் பாடத்திட்டமும் இந்த வரிசையில்தான் போகச் சொல்கிறது: முதலில் கையால் தொடும் பொருள், பிறகு படம், பிறகு குறியீடு. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் முன்வைத்த கருத்தின் வழி வந்தது இது. வகுப்பறையில் இடம் பெற்ற இந்த வரிசை, வீட்டு மேசைக்கு வரும்போது அவசரத்தில் கடைசிப் படியிலேயே தொடங்கிவிடுகிறது.

இனி, எப்படிக் கேட்பது. நீங்கள் கேட்டவற்றில் இதுவே முக்கியமானது என்று நினைக்கிறேன், ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

‘ஏன் இப்படிச் செய்தாய்?’ என்று கேட்காதீர்கள். நம் வீடுகளில் ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி பெரும்பாலும் திட்டின் முன்னுரை. பிள்ளை பதில் தேடாது; அழிப்பானைத் தேடும். ‘நீ எப்படிக் கண்டுபிடித்தாய், சொல்லேன்’ என்பது போதும். விடை தவறாக இருக்கும்போது மட்டும் கேட்டால், கேள்வி வந்தாலே தவறு என்று ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். சரியான விடைக்கும் கேளுங்கள். அதற்கே கூடுதலாகக் கேளுங்கள். கணக்குச் செய்த சூடு ஆறுவதற்குள் கேட்க வேண்டும். இரவு உணவுக்குப் பிறகு கேட்டால், நடந்ததைச் சொல்லமாட்டான். நீங்கள் எதை விரும்புவீர்கள் என்று ஊகித்துச் சொல்வான்.

கேட்டபின் காத்திருப்பதுதான் கடினம். பெற்றோருக்கு ஒரு பிள்ளையின் மௌனத்தைத் தாங்குவதுபோல் கஷ்டமான காரியம் வேறில்லை. உடனே ‘முப்பதுக்குப் போனாய், இல்லையா?’ என்று எடுத்துக் கொடுத்துவிடுவோம். அவன் ‘ஆமாம்’ என்பான். அது அவன் வழியா உங்கள் வழியா என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த நேரத்தில் அவனைப் பாருங்கள். உதடு அசைந்தால் எண்ணுகிறான். விரல்கள் மடங்கினால் எத்தனை விரல், எந்த எண்ணிலிருந்து என்று கவனியுங்கள். எதுவும் அசையாமல் விடை வந்தால் நினைவிலிருந்து வந்திருக்கலாம், அப்போது ‘சும்மா தெரியும்’ என்பது உண்மையான பதிலே.

ஆனால் 63, 28 போன்ற கணக்குக்கு ‘சும்மா தெரியும்’ என்றால், சொல்லத் தெரியவில்லை என்று பொருள். அதற்கு ஒரு வழி உண்டு. ‘ஒரு பையன் 31 என்கிறான். அவன் என்ன செய்திருப்பான்?’ என்று கேளுங்கள். தன் சிந்தனையை விளக்கத் தயங்கும் பிள்ளை, அடுத்தவன் தவறைத் துப்பறிய உற்சாகமாக வரும். 31 என்ற எண்ணை வேண்டுமென்றே சொன்னேன். பல பிள்ளைகள் 28ஐ 30 ஆக்கிக்கொண்டு, 63இலிருந்து 30ஐ எடுத்து 33 என்பார்கள். அதுவரை அழகு. பிறகு, இரண்டு சேர்த்தோமே என்று 33இலிருந்து இரண்டைக் கழித்து 31 என்று முடிப்பார்கள். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள். விடையை மட்டும் பார்த்து ‘தவறு, திரும்பச் செய்’ என்றால், ஒரே ஓர் அடி பிசகிய நல்ல யோசனை முழுவதும் குப்பைக்குப் போகும். வழியைக் கேட்டவருக்கு அந்த ஓர் அடி தெரியும். ‘28 வெள்ளி கொடுக்க வேண்டிய இடத்தில் 30 கொடுத்துவிட்டாய். கடைக்காரர் உனக்குத் திருப்பித் தருவாரா, இன்னும் கேட்பாரா?’ என்ற ஒரு கேள்வி போதும்.

அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொடுங்கள். ஒரு வெறும் கோடு போட்டு 28, 30, 60, 63 என்று புள்ளிகள் வைத்து, மேலே வளைவு வளைவாகத் தாவல்களை வரைந்து 2, 30, 3 என்று குறியுங்கள். எண்கள் அச்சிடப்படாத இந்த எண்கோட்டை நெதர்லாந்துப் பள்ளிகள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகின்றன. தலைக்குள் ஓடுவதை எட்டு வயதில் எழுத்தில் கொண்டுவருவது பெரிய வேலை. சில முறை நீங்கள் எழுத்தராக இருந்தால், பிறகு பேனாவை அவனே பிடுங்கிக்கொள்வான்.

மொழியைப் பற்றிக் குழம்ப வேண்டாம். எண்கள் அவனுக்கு ஆங்கிலத்தில் ஓடினால் ஓடட்டும். பெரியவர்களில் பலரும் கற்ற மொழியில்தான் எண்ணுகிறோம். ‘எப்படித் தாவினாய், அடுத்து எங்கே நின்றாய், ஏன் அங்கே நிறுத்தினாய்’ என்ற பேச்சு தமிழில் இருக்கலாம். எண்ணைத் தமிழில் சொல் என்று நடுவில் திருத்தினால் கணக்கும் போகும், தமிழும் கசக்கும். அதற்கு வேறு நேரம் இருக்கிறது.

விரல்கள் பற்றி உங்கள் மாமியாரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: கையைத் தட்டிவிட்டால் எண்ணுவது நிற்காது, மேசைக்கு அடியில் தொடரும். மேசைக்கு அடியில் போய்விட்டால் நம்மால் பார்க்க முடியாது. பார்த்தால்தான் பழுது தெரியும். உதாரணமாக, 13இலிருந்து 4 போக எவ்வளவு என்றால் சில பிள்ளைகள் ‘13, 12, 11, 10’ என்று நான்கு விரலை மடக்கிவிட்டு 10 என்பார்கள். எப்போதும் ஒன்று கூடுதலாக வரும். கழித்தல் தெரியாததால் வரும் பிழையில்லை இது. நிற்கும் எண்ணையே முதல் அடியாக எண்ணிவிடுவதால் வருவது. உங்கள் புளோக்கின் மின்தூக்கியில் ஏறி, 13ஆம் மாடியில் கதவு மூடுவதற்குமுன் ‘எத்தனை மாடி இறங்கிவிட்டோம்?’ என்று கேளுங்கள். இன்னும் ஒன்றுகூட இல்லை. 12க்கு வந்தால்தான் ஒன்று. பத்துக்குள் உள்ள ஜோடிகள் மனத்தில் பதியப் பதிய விரல்கள் தாமாகவே ஓய்ந்துவிடும்.

மகளுக்கு வருவோம். அவள் சொன்ன ‘எட்டு’ தவறான கழித்தலாக எனக்குப் படவில்லை. ‘அண்ணனிடம் எத்தனை இருக்கிறது, அது அதிகம்தானே?’ என்று உங்கள் கேள்வியை அவள் புரிந்துகொண்டிருக்கிறாள். அந்தக் கேள்விக்கு எட்டு என்பதே சரியான பதில். 1983இல் டாம் ஹட்சன் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். பறவைகளும் புழுக்களும் உள்ள படத்தைக் காட்டி, புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம் என்று கேட்டபோது, உங்கள் மகளின் வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தடுமாறினார்கள். அதே படத்துக்கு, ‘ஒவ்வொரு பறவையும் ஒரு புழுவைப் பிடிக்கப் பறக்கிறது, எத்தனை பறவைகளுக்குப் புழு கிடைக்காது?’ என்று கேட்டபோது ஏறக்குறைய எல்லாருமே சரியாகச் சொல்லிவிட்டார்கள். அவளிடமும் அப்படியே கேளுங்கள். இரண்டு பேரின் ஸ்டிக்கர்களையும் வரிசையாக எதிரெதிரே வைத்து, ‘அண்ணனுடைய எந்தெந்த ஸ்டிக்கருக்கு ஜோடி இல்லை?’ என்று கேட்டால், மூன்றைத் தொட்டுக் காட்டுவாள். பிறகு ‘அந்த மூன்றுதான் அதிகம்’ என்று நீங்கள் பெயர் சூட்டினால் போதும். பின்னாளில் பள்ளியில் பட்டைகள் வரைந்து ஒப்பிடும் கணக்குகள் வரும்போது, இந்த இரண்டு வரிசைகள்தான் இரண்டு பட்டைகளாக மாறும்.

இப்படிப் பிள்ளைகளின் வழியைக் கேட்டுக்கொண்டிருந்தால் பயிற்சி குறைந்துவிடாதா என்பது பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கார்ப்பென்டரும் எலிசபெத் ஃபென்னிமாவும் தம் குழுவினரோடு 1989இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். முதல் வகுப்பு ஆசிரியர்கள் நாற்பது பேரில் பாதிப் பேருக்கு, பிள்ளைகள் கணக்கை எப்படி யோசிக்கிறார்கள் என்பதை நான்கு வாரப் பயிலரங்கில் காட்டினார்கள். எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று கட்டளை இடவில்லை. அந்த ஆசிரியர்கள் வகுப்பில் அடிப்படைக் கூட்டல், கழித்தல்களை மனப்பாடம் செய்விக்கக் குறைந்த நேரமே செலவிட்டார்கள். ஆனாலும் அவர்களுடைய பிள்ளைகள் அவற்றை நினைவுகூர்வதில் பின்தங்கவில்லை, முந்தியே நின்றார்கள். அதே குழு பிறகு 82 பிள்ளைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1998இல் வெளியிட்டது. வழக்கமான எழுத்து முறையைக் கற்பதற்குமுன் சொந்த வழிகளைப் பயன்படுத்திய பிள்ளைகளிடம் பத்துகள், ஒன்றுகள் பற்றிய புரிதல் உறுதியாக இருந்தது. தெரிந்ததைப் புதிய கணக்குகளுக்குக் கொண்டுபோவதிலும் அவர்கள் மேலாக இருந்தார்கள்.

அதற்காக எழுத்து முறையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லும் கல்வியாளர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 63இலிருந்து 28 என்றால் உங்கள் மகனின் வழி நேர்த்தியானது. 402இலிருந்து 398 என்றால் அவன் வழியே சிறந்தது. அதற்குப் பூச்சியத்தை அடித்துக் கடன் வாங்குபவரைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கும். 6,325இலிருந்து 2,847 என்று வரும்போது தலைக்குள் தாவிக்கொண்டிருந்தால் ஏதாவது ஒரு தாவல் தவறிவிடும். அங்கே தாளில் இட மதிப்புப்படி கழிப்பது பாதுகாப்பானது. அவன் அதைக் கற்கத்தான் வேண்டும், புரிந்து கற்க வேண்டும். பள்ளிப் பயிற்சித்தாளில் ஒரு குறிப்பிட்ட முறையைக் காட்டச் சொன்னால் அதையே காட்டட்டும். விடையைத் தன் வழியில் சரிபார்க்கட்டும். 2019 முதல் தொடக்கநிலை 1, 2 மாணவர்களுக்கு மதிப்பெண் கணக்கில் சேரும் மதிப்பீடுகளோ தேர்வுகளோ இல்லை. அந்த இரண்டு ஆண்டு நிம்மதியை இதற்குச் செலவிடாமல் வேறு எதற்குச் செலவிடுவது?

துணைப்பாட ஆசிரியரிடம் வாதத்துக்குப் போகாதீர்கள். குச்சிகளோடு செய்த ஒரு தாளையும் எண்கோடு வரைந்த ஒரு தாளையும் காட்டி, ‘இவனுக்கு 45 எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தோம், பத்தைப் பிரிப்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் என்றால் நன்றி சொல்வார். ‘என் முறையில்தான் செய்ய வேண்டும், வேறு பேச்சில்லை’ என்றால், தொடக்கநிலை 2இல் இந்தப் பையனுக்குத் துணைப்பாடம் தேவைதானா என்று யோசியுங்கள். அந்தக் கட்டணத்துக்கு நிறைய ஐஸ்கிரீம் குச்சிகள் கிடைக்கும், ஐஸ்கிரீமோடு சேர்த்தே.

எப்போது கவலைப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டு முடியும்போதும் 63இலிருந்து 28ஐ ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எண்ணியே கழித்தால், பத்தை ஓர் அலகாகப் பிடிக்க அவனுக்கு இன்னும் வரவில்லை என்று அர்த்தம். 48, 84 இரண்டில் எது பெரியது என்பதிலேயே தடுமாற்றம் இருந்தாலும் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். கணிதத்தில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் கற்றல் ஆதரவுத் திட்டம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அப்படி எந்த அறிகுறியும் இல்லை.

இந்த வாரம் ஒரு சோதனை செய்யுங்கள். 41இலிருந்து 3, 41இலிருந்து 39, 100இலிருந்து 64 என்ற மூன்று கணக்குகளை, ஒவ்வொன்றாக, வெவ்வேறு நாளில் வாய்மொழியாகக் கேளுங்கள். 1975இல் வெளிவந்த, உளவியலாளர் லோரன் ரெஸ்னிக் பங்கேற்ற ஓர் ஆய்வில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலர், எண்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதைப் பொறுத்து, பின்னோக்கி எண்ணுவதையும் முன்னோக்கி எண்ணுவதையும் தாமாகவே மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள், யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. உங்கள் மகன் 41இலிருந்து 3ஐ எப்படிச் செய்கிறான், 39ஐ எப்படிச் செய்கிறான் என்று பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வழியில் போனால், ‘இதைவிட இலேசான வழி இருக்கிறதா?’ என்று மட்டும் கேளுங்கள். அவன் சொன்னதை அவன் சொற்களிலேயே எழுதி அனுப்பினால், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்க்கலாம்.